கிணறுகாட்டி

குணலட்சுமி புத்தகத்தைக் கூட்டுறவுச் சங்கக்கடை மேசையில் அடித்த அடியில் தராசுத் தட்டே ஆடிப்போயிற்று.

“திங்கள் தொடங்கி என்ரை பிள்ளை பள்ளிக்கூடம் போகேல்லை. உமக்கு இப்ப சந்தோசமோ?”

மனேச்சர் சீவரத்தினம் சீனி நிறுத்துக்கொண்டிருந்தார். வேலை நேரத்தில் சங்கக்கடை, மிச்ச நேரத்தில் ‘வெண்மணல் நாடு’ என்று மாயக்கதை எழுதுவார். நாலு பாகம் வந்துவிட்டது; மேசையில் விழுந்தது நாலாவது. பஸ் நிலையத்தில் கச்சான் கடலையோடு போட்டிபோட்டு விற்கிறது.

“என்னக்கா பிழை?”

“என்ன பிழையோ? கப்பலிலை வாற இரும்புச்சட்டை அரக்கர் பறங்கியள் எண்டு ஆருக்குத் தெரியாது? விரதச் சாப்பாட்டு இலையை அரக்கர் காணாமல் கூரையிலை செருகி ஒளிக்கிறது எங்கடை ஊர்க் கதை. கோயில் முருகன்ரை வேலை ஒளிக்கக் கிணத்துக்குள்ளை இறக்கினதும் எங்கடை ஊர்க் கதை. சரி, எழுதும். காசு வாங்கிக்கொண்டு அரக்கருக்குக் கிணத்தைக் காட்டின காவல்காரன் ஆர்? அதைச் சொல்லும்.”

ரேஷன் கூப்பன் அரிசிக்கு நின்ற வரிசை காதைத் தீட்டிக்கொண்டது. எல்லாருக்கும் தெரிந்த விசயம். போர்த்துக்கேயப் பறங்கியர் கோயில் இடித்த காலத்தில் கிணற்றைக் காட்டிக்கொடுத்தவர் குணலட்சுமியின் புருசன் தியாகராசாவின் மூதாதை என்று ஊரில் ஒரு பேச்சு. அந்த வீட்டுக்குப் பட்டப்பேரே ‘கிணறுகாட்டி’.

“கதை பொய்யாய் இருக்கலாம், கிணறு மெய்தானே பிள்ளை” என்றார் வரிசையில் நின்ற கந்தப்பு. கோயில் நிர்வாகம் அவர் கையில். அந்தப் பட்டப்பேரும் அதிகமாக அவர் வாயில்தான்.

இரண்டு பேர் சிரித்தார்கள்.

“கேட்டீரோ? இப்பிடித்தான் பள்ளிக்கூடத்திலும் உம்மடை புத்தகத்தை விரிச்சுவைச்சுக்கொண்டு இராசமலரைப் பகிடி பண்ணுறாங்கள். அச்சுவேலியிலை மாமன் வீட்டிலை விட்டுப் படிப்பிக்கப் போறன். ஒரே பிள்ளை. உம்மாலை அவளைப் பிரிஞ்சிருக்கப் போறன்.”

சீவரத்தினத்தின் கையில் இருந்த சீனிக் கரண்டி நின்றது.

“ஐஞ்சாம் பாகம் அச்சிலை கிடக்கு. வாற கிழமை வந்திடும். அதுவரைக்கும் பிள்ளையை அச்சுவேலிக்கு அனுப்பாதேங்கோ அக்கா.”

“வந்தால் என்ன? மனுசர் வாசிப்பினமோ அதை?”

வந்தது. இராசமலர்தான் யாரிடமோ வாங்கிவந்து அடுப்படியில் இருந்து சத்தமாக வாசித்தாள். குணலட்சுமி கேட்காத மாதிரித் தேங்காய் துருவினாள்.

கிணற்றைக் காட்டாவிட்டால் வீட்டுக்கொரு தலை வாங்குவேன் என்கிறான் அரக்கர் தலைவன். காவல்காரன் இருட்டோடு இருட்டாய் முருகன் வேலைக் கிணற்றிலிருந்து எடுத்துத் தன் அடுப்புக்குக் கீழே புதைக்கிறான். விடிந்ததும் வெறுங்கிணற்றைக் காட்டுகிறான். சந்தேகம் வராமல் இருக்கக் காசும் கேட்டு வாங்குகிறான். ஊர் துப்புகிறது. உண்மை ஒரு காதுக்குப் போனாலும் அரக்கர் காதுக்கும் போய்விடும் என்று வாய் திறக்காமலே செத்துப்போகிறான். அரக்கர் ஒழிந்த பிறகு, இடிந்த வீட்டின் அடுப்படியில் வேல் மின்னுகிறது.

“அம்மா, தேங்காய் முடிஞ்சுபோச்சு. சிரட்டையைத் துருவுறியள்” என்றாள் இராசமலர்.

அடுத்த நாள் யாரும் சொல்லாமலே பள்ளிக்கூடம் வெளிக்கிட்டாள். பின்னேரம் புழுதியும் சிரிப்புமாய் வந்து நின்றாள்.

“இண்டைக்கு வெண்மணல் நாட்டு விளையாட்டிலை நான்தான் கிணறுகாட்டி. எல்லாரும் தங்களுக்கு வேணுமெண்டு சண்டைபிடிச்சவை. எனக்குத்தான் குடுக்கவேணும் எண்டு மரியநாயகி ரீச்சர் சொல்லிப்போட்டா.”

குணலட்சுமி சங்கக்கடைக்கு ஓடினாள்.

“தம்பி, மெய்யாய் அப்பிடித்தான் நடந்ததோ?”

“எனக்கெப்பிடித் தெரியும்? நான் கதை கட்டுறவன்.”

அவள் முகம் வாடிப்போயிற்று. “அப்ப முழுப்பொய்யோ?”

“காட்டிக்குடுத்தவர் எண்டதும் ஆரோ கட்டின கதைதானே அக்கா. அதுக்கு மட்டும் ஆர் சாட்சி? போன வருசம் உங்கடை பிள்ளை அந்தப் பட்டப்பேரைக் கேட்டு இந்தக் கடைவாசலாலை அழுதுகொண்டு போனவ. அண்டைக்கு யோசிச்சது இது.”

“பிறகேன் நாலாம் பாகத்திலை அவரைக் கெட்டவராக்கினீர்?”

“ஊர் நிக்கிற இடத்திலை போய்த்தானே ஊரைக் கையிலை பிடிச்சுக் கூட்டிவரலாம்?”

குணலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள்.

பின்னால் வரிசையில் நின்ற கந்தப்பு அவள் வாசல் படலை தாண்டும்வரை பார்த்திருந்துவிட்டு மேசையில் சாய்ந்தார்.

“தம்பி, அந்தக் காவல்காரன்ரை பெண்சாதி எங்கடை வீட்டிலை பிறந்த பெட்டை. அடுத்த பாகத்திலை அதையும் ஒருக்கால் போட்டுவிடும்.”