இன்னொரு தடவை

"இன்னொரு தடவை பார்த்துச் சொல்லச் சொல்லு," என்றார் மேலாளர்.

அவள் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டாள். "ரெண்டு தடவை பார்த்துட்டார் சார்."

மேலாளர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஐம்பத்தொன்று புள்ளி நான்கு. அந்த ஊரில் வெப்பமானி வைத்த நாளிலிருந்து இப்படி ஒரு எண் வந்ததில்லை. கணினியும் நம்பாமல் அதைச் சிவப்பில் காட்டியது.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. எல்லா நாட்டு வானிலை நிலையங்களிலிருந்தும் வரும் எண்களைச் சேர்த்துத்தான் உலகத்தின் சராசரி வெப்பத்தைக் கணக்கிடுகிறார்கள். சுவரில் இருந்த வரைபடத்தில் அந்தச் சராசரியின் கோடு ஏறி ஏறி இடம் போதாமல், மேலே ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தார்கள்.

போன கோடையில் ஏதோ ஒரு நிலையத்து ஆள் ஒரு எண்ணை மாற்றி எழுதிவிட்டார். ஒரே ஒரு எண். 'சூட்டை இவங்களே இட்டுக்கட்டுறாங்க' என்று டிவியில் உட்கார்ந்து சிரித்தார்கள். ஊர் கண்ணுக்குக் கோடு மொத்தமும் பொய்யாகிவிட்டது. அன்றைக்கு அலுவலகத்தில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

மறுமுனையில் அவர் காத்திருந்தார்.

அங்கே தானியங்கிக் கருவி பழுதாகி ஒரு வாரம். பழைய வெள்ளை மரப்பெட்டிக்குள் இருக்கும் வெப்பமானியை அவர்தான் நடந்துபோய்ப் பார்க்க வேண்டும். ஓய்வுபெற்ற பிறகு ஆசைப்பட்டு ஏற்றுக்கொண்ட வேலை. வீட்டை ஒட்டிய பொட்டல்தான். ஆனால் பெட்டி நட்ட நடுவில் நின்றது. பக்கத்தில் நிழல் இருக்கக் கூடாது என்பது விதி.

"சார், இன்னொரு தடவை பார்க்க முடியுமா?"

"பார்த்துட்டாப் போச்சு மேடம்."

அலுவலகத் தொலைபேசியில் அவளை மேடம் என்றுதான் கூப்பிடுவார். அந்தச் சொல்லில் எப்போதும் ஒரு குறும்பு இருக்கும். இன்றைக்கு மூச்சிரைப்புதான் இருந்தது.

முடியவில்லை என்றால் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். மேலாளர் பார்த்துக்கொண்டிருந்தார். மென்று விழுங்கிவிட்டாள்.

ரிசீவரை மேசைமேல் வைக்கும் சத்தம். கதவு திறக்கும் சத்தம். அப்புறம் யாருமில்லாத அறையில் மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும்.

ஏசி குளிருக்குச் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

மேலாளர் டீயைக் குடித்து முடித்து, கோப்பையை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

மறுமுனையில் கதவு அடித்துக்கொண்டது. ஓட்டமும் நடையுமாகக் காலடிகள். ரிசீவரை எடுத்தது வேறொரு கை. பெண்குரல்.

"ஆபீஸா? பெட்டிகிட்ட விழுந்து கிடக்கார். கன்னத்துல தட்டினாலும் கண்ணைத் திறக்கலை. இந்த வெயில்ல ஒரு வயசானவரைத் திரும்பத் திரும்ப அனுப்பினது யாருங்க?"

மேலாளர் புருவத்தை உயர்த்தினார். எண் சரிதானா என்று கேட்கிறார்.

அவள் சால்வையை உதறிவிட்டு எழுந்தாள்.

"யாருங்க அது? பேசுங்க."

"நான்தாம்மா," என்றாள். "உன் பொண்ணு."