பெயர் மாற்றும் செலவு

“ஒளிக்கிறதுக்கு என்னட்ட ஒண்டுமில்லைத் தங்கச்சி. எல்லாத்தையும் எழுதிக்கொள்ளுங்கோ” என்றார் காரை விற்கும் புறக்கோட்டைக் கடை முதலாளி நவரத்தினம்.

அருந்ததி கொப்பியின் நடுவே ஒரு கோடு போட்டிருந்தாள். இடப்பக்கம் அவள் வாங்கச் சொன்ன புது மாருதி. வலப்பக்கம் நவரத்தினத்தின் வாசலில் பளபளவென்று நின்ற, டேர்போ எஞ்சின் பூட்டிய சிவப்புக் கார். அவளும் கணவன் கேதீஸ்வரனும் பத்து வருடமாகச் சேமித்தது இரண்டில் ஒன்றுக்குத்தான் காணும்.

“லீற்றருக்கு ஆறு கிலோமீற்றர். காலி வீதி நெரிசலில அஞ்சுதான். டயர் நாலும் மாத்தினா தம்பியின்ர ரெண்டு மாசச் சம்பளம் போகும்.”

“திருத்த வேலை?” என்று கேட்டாள்.

“சின்னச் சத்தமெண்டாலும் கிராண்ட்பாஸ் மெக்கானிக் ஹாஷிமிட்டத்தான் கொண்டு போகவேணும். போன முறை பொனற்றைத் திறந்து பார்த்துத் தலையை ஆட்டினதுக்கே ஏழாயிரம் எடுத்தவர்.”

அருந்ததிக்கு அவரில் ஒரு மரியாதை வந்தது. தான் விற்கிற சாமானைத் தானே இப்படி இறக்கிச் சொல்லும் புறக்கோட்டை வியாபாரியை அவள் கண்டதில்லை. விலையும் மாருதியின் விலைதான். பெற்றோல் ஏறுகிற ஏற்றத்தில் வேறு யார் வாங்குவார்கள் என்று அவரே சொல்லியிருந்தார்.

கேதீஸ்வரனின் கண் வாசலை விட்டு அசையவில்லை. கப்பல் கம்பனியில் கிளார்க் வேலை முடிந்து பஸ் மிதிபலகையில் தொங்கி வரும்போது, இந்தக் கார் தன்னைத் தாண்டிப் போன நாட்களை வீட்டில் வந்து சொல்லிச் சொல்லியே அவளைக் கரைத்தவன் அவன்.

“மாருதி லீற்றருக்குப் பதினாறு ஓடும்” என்றாள் கடைசி முயற்சியாக.

“ஓடும், ஓடும். வெள்ளை வான் துரத்தினா அதில ஓடித் தப்பேலுமோ?” என்று சிரித்தான் கேதீஸ்வரன்.

அந்த மாதம் வெள்ளவத்தையில் மட்டும், விலையான கார் வைத்திருந்த மூன்று முதலாளிமாரை வெள்ளை வானில் வந்தவர்கள் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். மூன்று வீட்டுக்காரரும் கேட்ட காசைக் கொடுத்தார்கள். ஒருவர்தான் திரும்பி வந்தார்.

“எங்களைப் பிடிச்சு அவங்களுக்கு என்ன கிடைக்கப்போகுது? காசு குடுத்த பிறகு மிஞ்சிறது இந்தக் கொப்பிதான்” என்றாள் அருந்ததி.

தேத்தண்ணி கொண்டுவந்த நவரத்தினத்தின் மனைவி சரோஜினிதேவி சிரிக்கவில்லை. தட்டை வைத்துவிட்டு மேல்மாடிக்கு ஏறிப் போனார்.

“ஒரு விஷயம் தம்பி. பேரை நாளைக்கே மாத்திப்போட வேணும். நானே ஆளை அனுப்புறன்” என்றார் நவரத்தினம்.

கேதீஸ்வரனுக்கு வியப்பாக இருந்தது. பாவித்த கார் வாங்குகிறவர்கள் பத்திரத்தில் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, பழைய சொந்தக்காரரின் பெயரிலேயே மாதக்கணக்கில் ஓடுவதுதான் கொழும்பு வழக்கம்.

“அதுக்கென்ன அவசரம் அண்ணை? ஆறுதலாச் செய்வம்.”

“இல்லை, எனக்கு எல்லாம் ஒழுங்கா இருக்கவேணும். அந்தச் செலவும் என்ர.”

அருந்ததி வலப்பக்கத்தில் ‘பெயர் மாற்றம்’ என்று எழுதி, எதிரே பூச்சியம் போட்டாள். அந்தப் பக்கத்தில் விழுந்த ஒரேயொரு பூச்சியம் அதுதான். அதற்கு மேல் அவள் மறுக்கவில்லை. கைப்பையிலிருந்த காசை எடுத்து மேசையில் வைத்தாள்.

நவரத்தினம் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. எழுந்து போய்க் காரின் முன்கண்ணாடிக்குள் இருந்த மட்டையை எடுத்து நாலாகக் கிழித்தார். தெருவில் நிற்கிற வண்டி குண்டு வண்டியோ என்று பொலிஸ் சந்தேகப்படாமலிருக்க, எல்லோரும் தங்கள் பெயரையும் போன் நம்பரையும் எழுதி அப்படி வைத்திருந்த காலம் அது.

“தங்கச்சி, உங்கட எழுத்து நல்ல வடிவு. தம்பியின்ர பேரை எழுதி வையுங்கோ. தூரத்தில இருந்து பார்த்தாலும் தெரியிற மாதிரி.”

அவள் புது மட்டையொன்றில் கணவனின் பெயரைப் பெரிதாக எழுதினாள். கீழே நம்பரையும் எழுதி, கண்ணாடிக்குள் தானே நிமிர்த்தி வைத்தாள்.

“ரசீதை வாங்கி வையும் அருந்ததி. கடற்கரைப் பக்கம் ஒரு சுத்துச் சுத்திப்போட்டு வந்து உம்மை ஏத்திறன்.” கேதீஸ்வரன் சாவியைத் திருப்பினான். கார் ஒருமுறை உறுமிவிட்டு ஒழுங்கையால் போனது. பத்து வருடத்தில் அவன் முகத்தில் அவள் அப்படியொரு சந்தோஷத்தைக் கண்டதில்லை.

போகட்டும், மனுசன் ஆசைப்பட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். நவரத்தினம் ரசீது எழுதக் குனிந்தார். பேனை ஓடவில்லை.

மேல்மாடி யன்னலில் நின்ற சரோஜினிதேவி, இருவரும் காரில் போய்விட்டார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். அங்கிருந்தே கணவருக்குக் குரல் கொடுத்தார்.

“இஞ்சருங்கோ, சந்தியில நிண்ட வெள்ளை வானும் பின்னாலேயே வெளிக்கிட்டிட்டுது. இனி நீங்கள் பயமில்லாமல் கடைக்குப் போகலாம்.”