ரவூப் காட்டிய பக்கம்

விழுங்க முடியாத மனுசன் வீட்டுக்கு நானும் கோழிச் சூப்போடுதான் போனேன்.

மேசையில் எனக்கு முந்தியவர்களின் பேரீச்சம்பழமும் பிஸ்கட் பெட்டிகளும் குவிந்து கிடந்தன. நோய் விசாரிக்க வெறுங்கையோடு போவது எங்கள் தெருவில் வழக்கமில்லை. நோயாளிக்கு மூக்கில் விட்ட குழாயால்தான் சாப்பாடு இறங்குகிறது என்பதெல்லாம் நமக்கெதற்கு?

ரவூபுக்குத் தொண்டையில் கேன்சர். கழுத்துக் கட்டியைச் சளிக்கட்டு என்று தைலம் தடவிக்கொண்டே இருந்ததில் முற்றிவிட்டது.

மாத்தளை டவுனில் கராம்பும் மிளகும் வாங்கி விற்ற மனுசன். அவர் பேரம் பேசினால் பக்கத்து ஊர் அலுவிகாரைக்குக் கேட்கும் என்பார்கள். இப்போது கட்டிலைத் தட்டித்தான் ஆளைக் கூப்பிடுகிறார்.

சிகரெட் இல்லை. வெற்றிலை இல்லை. தேத்தண்ணியைக்கூட ஆற்றித் தந்தால்தான் குடிப்பார். பிறகு எப்படி?

பக்கத்து வீட்டுப் பஹ்மிதா கண்ணூறு என்றாள். பள்ளிவாசல் பக்கம் கராம்புத் தூசி என்று பேச்சு. நான் ஒன்றும் சொல்லவில்லை. மாதா மாதம் கொழும்புக்குப் போன மனுசன் அங்கே எங்கே தங்கினார் என்று மட்டும் கேட்டுவைத்தேன். மீதியைத் தெரு பார்த்துக்கொண்டது.

வருகிற வழியில் அடிவயிறு பிடித்துக்கொண்டது. சில மாதமாக அப்படித்தான். மாதவிலக்கு நின்று வருஷங்களான பிறகும் உதிரம் படுகிறது. ஊர்ச் சங்கதி அத்தனையும் பேசுகிற நான் இதை ஒருத்தியிடமும் சொல்லவில்லை.

ரவூப் திரைக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தார். இந்தப் பக்கம் நானும் அவர் மனைவி ஜுனைதாவும். வயதில் மூத்தவள் என்பதால், அக்கா என்கிற முறையில் என்னைத் தாத்தா என்று கூப்பிடுவாள்.

“டொக்டர் என்ன சொல்றாரு?”

“ஒரு கிருமியாம் தாத்தா. எச்.பீ.வீ.ன்னு. எங்க மக ஷஸ்னாக்கு வராம இருக்க ஸ்கூல்ல ஊசி போட்டாங்களே, அந்தக் கிருமிதானாம்.”

“அது பொம்பளைங்களுக்கு கர்ப்பப்பைல வாறதுல்லியா?”

“ஆம்பளைக்குத் தொண்டையிலயும் வருமாம். புருஷன் பொஞ்சாதிக்குள்ள தொத்துமாம்.”

கொழும்புக் கதை உறுதியாகிவிட்டதில் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். சூப்பை ஓரமாக வைத்துவிட்டு நெருங்கி உட்கார்ந்தேன்.

“அப்ப யாருகிட்ட இருந்து?”

திரைக்குப் பின்னால் கட்டில் தட்டும் சத்தம் கேட்டது.

ஜுனைதா எழும்பவில்லை.

“யாருகிட்ட இருந்து யாருக்குன்னு சொல்ல ஏலாதாம். வருஷக்கணக்கா சத்தமில்லாம உள்ள கெடக்குமாம். என்னைய கிளினிக்ல பாத்தாங்க. ஒண்ணுமில்லன்னுட்டாங்க.”

“அல்ஹம்துலில்லாஹ்,” என்று எழும்பப் பார்த்தேன். பஹ்மிதாவிடம் சொல்ல இவ்வளவு போதும்.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“டொக்டர் சொன்னதக் கேட்டதுல இருந்து கையக் காட்டிட்டே ஈக்கிறாரு தாத்தா. ஒங்க வீட்டுப் பக்கம். மொதல்ல எனக்கு வெளங்கல்ல.”

மறுபடி கட்டில் சத்தம். இந்தத் தடவை நிற்கவேயில்லை.

தெருவுக்குப் புதிதாக வந்தவர்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் என் வாய்க்குப் பயந்து பேசுவதில்லை. ஜுனைதாவுக்கு முந்தி, அந்த மனுசனுக்குத் தேத்தண்ணி ஆற்றிக் கொடுத்தவள் நான்தான்.

தலாக் சொன்ன நாளிலிருந்து அவர் எனக்கு ஒரு வார்த்தை சொல்லியனுப்பியதில்லை. இதுதான் முதல் தடவை.

“நாளைக்கே கிளினிக்குக்குப் போவோம். நான் கூட வாறேன்,” என்றாள் ஜுனைதா.

எனக்கு ஒன்றுமில்லை, நான் எதற்கு என்று சொல்ல வாயெடுத்தேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அடிவயிற்றை அழுத்திக்கொண்டிருந்த என் மற்றக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.