கைதட்டினா பூக்கும் சுவர்

பழைய அரண்மனைச் சுவர்ல பெரிய விரிசல் ஒண்ணு. தினம் சாயங்காலம் ப்ரொஜெக்டர் அது மேல ஒரு மரத்தைக் காட்டும். ஜனங்க கைதட்டினா மரம் பூக்கும்.

"தம்பி, கொஞ்சம் அணைஞ்சிருடா. விரிசலைப் பார்த்தா விலகிப் போயிடுவாங்க. நான் விழப்போறேன்"னு கெஞ்சுச்சு சுவர்.

"யக்கா, நான் அணைஞ்சா உன்னை எவன் பார்ப்பான்?"னு சிரிச்சுச்சு ப்ரொஜெக்டர்.

சுவர் மளுக்குன்னு முனகுச்சு.

"அடேங்கப்பா, என்னா சவுண்டு எஃபெக்ட்டு!"ன்னு பூரிச்சார் ஒருத்தர்.

வெள்ளையா சுண்ணாம்புக் காரை உதிர்ந்துச்சு.

"ஏங்க, பூ நெசமாவே கொட்டுதுங்க!"ன்னு அவர் சம்சாரம் முந்தானையை ஏந்திக்கிட்டு சுவரடிக்கு ஓடினாங்க. கைதட்டிக்கிட்டே எல்லாரும் பின்னாடி போனாங்க.

இப்பத்தான் ப்ரொஜெக்டருக்கு பயம் வந்துச்சு. அணையப் பார்த்துச்சு, முடியலை. அவங்க தட்டத் தட்ட, அது பூத்துக்கிட்டே இருந்துச்சு.