மூடாத கன்றுகள்

நடுவட்டத்துச் சரிவில் வெயில் ஏறுகிறது. ஒரே இரவின் உறைபனியில் கூலிக்காரி ஏசுவடியாள் நட்டு வளர்த்த தேயிலைக் கன்றுகள் வெந்த கீரைபோலக் கறுத்துத் தொங்குகின்றன. அவற்றை மூட அவள் வெட்டிய பெரணித்தழை பாதையோரம் கட்டுக்கட்டாக அப்படியே கிடக்கிறது. “இந்த வாரம் பனி எறங்காதும்மா. எலை விக்கிற வெலைக்கு மூடற கூலி எதுக்கு?” என்று நேற்றுத் தடுத்தவர் தோட்ட அதிகாரி எபநேசர். இருபது வருடப் பனிக்கணக்கு எழுதிய நோட்டு அவர் கோட்டுப் பையில் துருத்திக்கொண்டிருக்கிறது. அவள் ஜெபத்துக்குக் கூப்பிட்டபோதும் அதைத்தான் தட்டிக் காட்டிச் சிரித்தார். இப்போது தழையை அள்ளி, செத்த கன்றுகளை ஒவ்வொன்றாக மூடுகிறார். “இனி எதுக்குங்க சார்?” என்கிறாள் ஏசுவடியாள். அவர் நிமிராமல் அடுத்த கன்றுக்குத் தழை அள்ளுகிறார். அவள் ஈரமண்ணில் முழங்காலிடுகிறாள். “ஆண்டவரே, இவரைக் கைவிட்டுறாதீங்க.” ஜெபம் அவ்வளவுதான். அதில் கன்றுகள் இல்லை.