துளையில்லாத டிரம்

பாண்டியம்மாளின் பழைய சாமான் கடையில் செல்வக்குமார் நீல நிற டிரம்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து, அடியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் துளைக்குள் நுழைந்ததும் அதை ஒதுக்கிவிட்டு அடுத்ததை இழுத்தார்.

"என்ன தம்பி, சந்தையில மாட்டுக்குப் பல்லுப் பாக்குற மாதிரி பாக்குறீக?" என்றாள் பாண்டியம்மாள்.

"ஒண்ணுமில்லக்கா. சும்மாதேன்."

வாடிப்பட்டிக்கு அருகே ஒரு பூச்சிமருந்து ஆலையில் கிடங்குக்குப் பொறுப்பாளர் அவர். அங்கிருந்து வெளியேறும் காலி டிரம் மறுபடி ஆலைக்குத் திரும்புவதில்லை. பரவை ஊரிலுள்ள இந்தக் கடைக்கு வந்து, துருவலாக அரைபட்டு, வேறு எவருக்கோ குழாயாகும் என்பது ஏற்பாடு. இடையில் யாரும் அதில் குடிநீர் பிடித்துவிடக் கூடாதென்று, அடியில் துளையிட்ட பிறகே விற்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தவரும் அவரே.

நேற்றைய மின்வெட்டில் துளையிடும் கருவி நின்றுபோக, ஒரு டிரம் மட்டும் துளைபடாமல் வண்டியேறிவிட்டது. எத்தனை முறை கழுவினாலும் அதன் நஞ்சு போகாது. எந்த வீட்டுப் பிள்ளை அதில் தண்ணீர் மொண்டு குடிக்குமோ என்ற நினைப்பில் அவர் இரவு முழுவதும் உறங்கவில்லை.

கடையின் உட்புறத்திலிருந்து பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. துருவலை உருக்குகிறார்கள் போலும் என்று எண்ணிக்கொண்டார்.

"ஒண்ணுல மட்டும் ஓட்ட இருக்காதுக்கா. அதை வித்துட்டீங்களா?" நஞ்சு என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. சொன்னால் ஆலையின் பெயர் கெடும்.

"அதுக்குத்தேன் இம்புட்டு உருட்டா? வந்ததும் கேட்டா வாயில முத்தா உதுந்துரும்?" அவள் பின்பக்கம் போய்த் தார்ப்பாயை விலக்கினாள். டிரம் அங்கே நின்றது. "ஓட்ட போட்டதுதேன் நீங்க எனக்கு வித்தது. இது தவறி ஏறி வந்துருச்சுன்னு எனக்குத் தெரியாதா? அடுத்தவுக பொருளு நமக்கு எதுக்கு? தேடி வருவீகன்னு எடுத்து வச்சேன்."

செல்வக்குமார் அதன் அடியைத் தடவினார். துளை இல்லை. அவர் அந்த டிரம்மின் மேலேயே சாய்ந்து நின்றார்.

"நல்லா இருப்பீங்கக்கா. வேற யாராச்சும்னா வித்துக் காசாக்கிருப்பாக."

"நான் மட்டும் நெனைக்கலையாக்கும்? இத வித்திருந்தா உள்ள இருக்குற ஆளுக்கு ஒரு வேலை மிச்சம்."

"என்ன வேலை?"

பாண்டியம்மாள் அவரை வேடிக்கையாகப் பார்த்தாள்.

"ஓட்டைய ஒட்டாமக் குடுத்தா, சனங்க தண்ணி எப்படிப் பிடிச்சு வைக்கும் தம்பி?"