பெரார்கஞ்ச் எண்ணெய்

அப்துல் ஹாதியின் டீசல் காரைப் பொரித்த எண்ணெயில் ஓடும்படி மாற்றிக் கொடுத்த மெக்கானிக் தேவேந்திரனுக்குப் பொறுக்கவில்லை. கேட்டேவிட்டான்.

“பாய், இங்க டாலிகஞ்ச் ஓட்டல்லயே பழைய எண்ணெய் சும்மா தர்றாங்க. அஞ்சு லிட்டருக்காக வாராவாரம் பெரார்கஞ்ச் பஜ்ஜிக் கடைக்கு ஏன் ஓடுறீங்க? போய் வர்றதுலயே அந்த அஞ்சும் எரிஞ்சிடுதே! க்யா ஃபாயிதா, என்ன லாபம்?”

ஹாதி காலி கேனைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“அது ஷமா கடை. என் மவ. இஷ்டப்பட்டவனைக் கட்டிக்கிட்டான்னு, ‘நீ எனக்கு மௌத்தாயிட்டே, செத்துட்டே’ன்னு சொல்லிட்டேன். ஆறு வருஷமாச்சு.”

தேவேந்திரன் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

“இப்பப் பேசுறாங்களா, பாய்?”

“வாப்பான்னு கூப்பிட மாட்டா.” ஹாதி கேனின் மூடியைத் திருகினார். “கேனை நீட்டினா மட்டும், ‘எத்தனை லிட்டர்?’னு கேப்பா. அந்தக் குரலைக் கேக்கத்தான் போறேன்.”